அடைவுச் சிட்டையும் ஒரு கணக்குக் கொப்பியும்

கொழும்பிலிருந்து பழைய நண்பர் ஒருவர் சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்தார். தம்முடைய இளைய மகன் மோட்டார் சைக்கிள் கேட்டு மூன்று நாட்களாகச் சரியாகச் சாப்பிடாமல் அடம்பிடிக்கிறான் என்றும், பதினேழு வயதாகியும் காசின் அருமை தெரியாத பிள்ளையாக வளர்ந்துவிட்டான் என்றும் நெடுநேரம் குறைப்பட்டுக்கொண்டார். இறுதியில், "நீர் இதைப் பற்றி ஒரு நல்ல கட்டுரை எழுதும் ஐசே. அதை அச்சடித்து அவன்ர மேசையில வைக்கிறன்" என்றார்.

நண்பரிடம் நான் சொல்லாமல் விட்ட செய்தி ஒன்று உண்டு. பத்திரிகையில் பணியாற்றிய காலத்தில் இதே பொருள் பற்றிக் குறைந்தது மூன்று கட்டுரைகளேனும் எழுதியிருக்கிறேன். மூன்றிலும் சரக்கு ஒன்றுதான். நாங்கள் மண்ணெண்ணெய் விளக்கில் படித்தோம். ஒரே சோடிச் செருப்பை இரண்டு வருடம் போட்டோம். ஐந்து சதத்துக்கும் தகப்பனாரிடம் கணக்குச் சொன்னோம். ஆதலால் இளைஞர்களே, சிக்கனமாக இருங்கள். அவற்றை வாசித்துவிட்டுப் பாராட்டிக் கடிதம் எழுதியவர்கள் அனைவரும் ஐம்பது வயதைக் கடந்தவர்கள் என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை. நான்காவது கட்டுரையை அவ்வாறு எழுத இயலாதபடி செய்தவன் என் பேரன். அது நடந்தது 2022ஆம் ஆண்டு, ஜூன் மாதத்தில்.

அந்த ஜூன் மாதத்தை இந்நாட்டவர் எவரும் எளிதில் மறக்கமாட்டார்கள். ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்த இயலாது என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் லீற்றர் 177 ரூபாவாக இருந்த பெற்றோல், ஜூன் 26ஆம் திகதி 470 ரூபாவுக்கு வந்தது. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. பேரன் அப்போதுதான் சாதாரண தரப் பரீட்சையை எழுதி முடித்திருந்தான். பெறுபேறு வெளிவரப் பல மாதங்கள் இருந்தன. பதினாறு வயது; கையில் நேரம் ஏராளம்; போதாததற்குக் கொரோனாக் காலத்தில் இணையவழி வகுப்புக்கென்று வாங்கிக் கொடுத்த கைத்தொலைபேசி.

ஒருநாள் மாலை, அவனுடைய வகுப்புத் தோழன் ஒருவனின் தகப்பனார் அழைத்தார். "ஐயா, இதைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. உங்கட பேரன் என்ர மகனிட்டைப் பதினாலாயிரத்து ஐந்நூறு ரூபா கடன் வாங்கியிருக்கிறான். மகன் எங்களுக்குத் தெரியாமல்தான் குடுத்திருக்கிறான். இப்ப காசு இல்லாத காலம் ஐயா, அதுதான் கேட்கிறன்" என்றார். அவர் மரியாதையாகக் கேட்டதுதான் எனக்குக் கூடுதலாகச் சுட்டது.

விசாரித்ததில், கைத்தொலைபேசியில் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டு திரியும் ஒரு விளையாட்டுக்கு அந்தப் பணம் போயிருந்தது. அந்த விளையாட்டில் 'வைரம்' என்று ஒன்றை விற்கிறார்கள். ரீலோட் போட்டு அதனை வாங்கினால் நல்ல துப்பாக்கியும் நல்ல உடுப்பும் கிடைக்குமாம். சிறிது சிறிதாக நான்கு மாதங்கள் வாங்கியிருக்கிறான். நான் வழக்கமான கட்டுரையை, இம்முறை வாய்மொழியாகவும் உரத்த குரலிலும், அவனுக்குப் படித்துக் காட்டினேன். மண்ணெண்ணெய் விளக்குக் கட்டத்தைத் தாண்டிச் செருப்புக் கட்டத்துக்கு வந்தபோது அவன் தலையை நிமிர்த்தாமலே சொன்னான்:

"நீங்களும் அம்மம்மாவின்ர சங்கிலியை அடைவு வைச்சுப்போட்டு அம்மாவுக்குச் சொல்லேல்லைத்தானே, அம்மப்பா."

அதற்குப் பிறகு அந்த அறையில் நான் பேசவில்லை.

வாசகர்களிடம் இதை மறைப்பதில் பயனில்லை. 2019ஆம் ஆண்டில் என்னுடைய கட்டுரைத் தொகுப்பொன்றை அச்சிடுவதற்காக என் மனைவியின் இரண்டு பவுண் சங்கிலியை ஒரு வங்கியில் 80,000 ரூபாவுக்கு அடைவு வைத்தேன். புத்தகம் விற்றதும் மீட்டுவிடலாம் என்பது திட்டம். தமிழில் புத்தகம் போட்டவர்களுக்கு மீதிக் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. கட்டுகள் இன்றும் என் கட்டிலின் கீழ் இருக்கின்றன. ஆண்டுதோறும் வட்டியை மட்டும் கட்டிச் சிட்டையைப் புதுப்பித்து வந்தேன். மனைவிக்குத் தெரியும். ஆசிரியையாக இருக்கும் என் மகளுக்குத் தெரியாது. சங்கிலி பத்திரமாக அலுமாரியில் இருப்பதாகவே அவள் நினைத்திருந்தாள். பேரன் ஏதோ தேடப்போய் என் மேசை இலாச்சியில் சிட்டையைக் கண்டிருக்கிறான். கண்டு எட்டு மாதமாகியும் எவரிடமும் சொல்லவில்லை. கடன் என்றால் மறைத்து வைக்கவேண்டிய பொருள் என்று அவன் விளங்கிக்கொண்டிருந்தான். பின்னர், தனக்கென்று ஒரு கடன் வந்தபோது அவ்வாறே செய்தான்.

அம்மம்மாவின் பொன் அடைவில் இருக்க, பேரன் கைத்தொலைபேசியில் வைரம் வாங்கிக்கொண்டிருந்தான் என்பதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை.

இந்த மறைப்பு என்னோடு தொடங்கியதன்று. எங்கள் தகப்பனார் தென்னிலங்கைப் பாடசாலை ஒன்றில் ஆசிரியர். மாதந்தோறும் அவருடைய காசுக் கட்டளை வரும். யாழ்ப்பாணத்தை மணியோடர் பொருளாதாரம் என்று அக்காலத்தில் கேலியாகவும் கணக்காகவும் சொல்வார்கள். தபாற்காரர் படலையில் மணி அடித்தால் அம்மாவின் முகம் மலரும் என்பது எங்களுக்குத் தெரியும். கட்டளையில் எவ்வளவு வந்தது, அதில் எவ்வளவு யாருக்குக் கொடுக்கவேண்டியிருந்தது என்பது தெரியாது. "சின்னப் பிள்ளையளுக்கு என்ன காசுக் கதை" என்று அடுப்படிக் கதவைச் சாத்திவிட்டுத்தான் அம்மாவும் பெரியம்மாவும் கணக்குப் பார்ப்பார்கள். காசைப் பற்றிப் பேசுவது மரியாதைக் குறைவு என்று நினைத்த அதே வீடுகளில்தான், காசில்லாதவனுக்குப் பெண் கொடுப்பதில்லை என்ற உறுதியும் இருந்தது.

1970 ஒக்டோபரில் அன்றைய நிதி அமைச்சர் கலாநிதி என். எம். பெரேரா, 50 ரூபா, 100 ரூபா நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார். வைத்திருந்தவர்கள் வங்கியில் கொண்டுபோய்க் கட்டவேண்டும். நான் அப்போது மேல் வகுப்பு மாணவன். எங்கள் ஒழுங்கையில் எப்போதும் கைமாற்றுக் கேட்டு வரும் ஒருவர் கடதாசிப் பை ஒன்றுடன் வங்கி வரிசையில் நின்றார்; பெரிய பணக்காரர் என்று நாங்கள் எண்ணியிருந்த இன்னொருவர் அந்தப் பக்கமே போகவில்லை. ஊரில் யாரிடம் காசு இருந்தது, யாரிடம் இருக்கவில்லை என்பது அந்தச் சில நாட்களில்தான் வெளியே தெரிந்தது. இந்தக் கதையைப் பேரனுக்குச் சொன்னபோது, நோட்டுச் செல்லாமற் போனது அவனுக்கு வியப்பாக இருக்கவில்லை. ஊருக்கே தெரியாமல் இருந்ததுதான் வியப்பாக இருந்ததாம்.

சங்கிலி விடயத்தை அன்றிரவே மகளிடம் சொன்னேன். அவள் அழுதாள், நகைக்காக அல்ல. அதை விரித்து எழுத இங்கு இடமில்லை. மறுநாட் காலை நாங்கள் ஐந்து பேரும் சாப்பாட்டு மேசையில் இருந்து, வீட்டின் வரவையும் செலவையும் கடனையும் முதன்முறையாக ஒரு கொப்பியில் எழுதினோம். பேரனும், அவனுக்கு இளையவளான பதினொரு வயதுப் பேத்தியும் உடன் இருந்தார்கள். மகளின் சம்பளம், கொழும்பில் வேலை பார்க்கும் மருமகன் அனுப்புவது, என் சேமிப்பின் சிறு வட்டி, கனடாவிலிருந்து என் மகன் மாதம் அனுப்பும் 200 டொலர். கடன் பகுதியில் மகளின் வீட்டுக் கடன், என் அடைவு, கடைசியாகப் பேரனின் பதினாலாயிரத்து ஐந்நூறு. அதையும் வீட்டுக் கடன்களில் ஒன்றாக எழுதியபோது அவன் முகம் மாறியது. நான் ஏசியபோது மாறாத முகம் அது.

பிறகு அவன் கணக்குப் பார்க்கத் தொடங்கினான். சாதாரண தரக் கணிதத்தில் வட்டி, பங்குச் சந்தை என்றெல்லாம் அலகுகள் உண்டு. அவன் கணிதத்தில் கெட்டிக்காரன். ஆயினும், பாடநூலில் வரும் கடன்காரர் எப்போதும் யாரோ ஒரு 'நபர்'. அந்த நபர் தன் அம்மப்பாவாக இருக்கலாம் என்று பாடசாலை அவனுக்குச் சொல்லித் தரவில்லை. மூன்று ஆண்டுகளில் வட்டியாக மட்டும் 36,000 ரூபா கட்டியிருக்கிறேன் என்று கூட்டிச் சொல்லிவிட்டு, "இந்த மூண்டு வருசத்தில எத்தினை புத்தகம் வித்தது, அம்மப்பா?" என்று கேட்டான். அதற்கு நான் அளித்த மறுமொழி பதிவுக்குரியதன்று.

அதே கொப்பியில் அவன் இன்னொன்றையும் கண்டுபிடித்தான். மாமா அனுப்பும் 200 கனடிய டொலர் ஆண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 32,000 ரூபாவாகக் கைக்கு வந்தது; ஜூனில் 56,000 ஆகியிருந்தது. "மாமா கூட அனுப்புறார்" என்று பேத்தி மகிழ்ந்தாள். இல்லை, மாமா அனுப்புவது அதேதான், எங்கள் ரூபா தேய்ந்துவிட்டது என்று அவன் அவளுக்கு விளக்கினான். ஞாயிற்றுக்கிழமை மகன் தொலைபேசியில் வந்தபோது, ஒரு மணித்தியாலத்துக்கு எவ்வளவு சம்பளம் என்று அவனிடமே கேட்கச் சொன்னேன். இதற்கு முன் எங்கள் வீட்டில் எவரும் அவனிடம் கேட்டிராத கேள்வி அது. ஒன்ராறியோவில் அப்போதைய குறைந்தபட்ச மணிக்கூலி 15 டொலர். ரொறன்ரோவுக்கு வெளியே ஒரு பண்டகசாலையில் இரவு வேலை செய்யும் என் மகனுக்கு அதைவிடச் சொற்பம் கூட. வரி போக, எங்களுக்கு அனுப்பும் தொகைக்காக அவன் ஏறத்தாழ இரண்டு முழு இரவுகள் நின்றுகொண்டே பெட்டி அடுக்குகிறான். மாமாவின் காசு மரத்திலிருந்து விழுகிறது என்று எண்ணும் தலைமுறையொன்று வடக்கில் வளர்ந்திருக்கிறது என்று மேடையில் பேசுவோர் பலர். அந்தப் பிள்ளைகளுக்கு மரத்தைக் காட்டாமல் வைத்திருந்தவர்கள் யார் என்று அவர்கள் கேட்பதில்லை. அனுப்புகிறவர்களும் பனியையும் பண்டகசாலையையும் மறைத்துவிட்டுக் கோடை விடுமுறைப் படங்களைத்தான் அனுப்புகிறார்கள். அவர்களுக்கும் மானம் உண்டு.

ஜூலை மாதத்துக்கான அந்த 56,000 ரூபாவைப் பேரனிடம் கொடுத்தோம். ஐந்து பேருக்குமான சமையற் செலவு முழுவதும் அவன் பொறுப்பு. இடையில் எவரும் மேலதிகமாகத் தருவதில்லை; எவரும் ஏசுவதுமில்லை. இந்த இரண்டாவது நிபந்தனை எனக்கு மிகக் கடினமாக இருந்தது.

முதல் வாரத்தில் அவன் ஓர் அமைச்சரைப் போல நடந்துகொண்டான். விலை ஏறப்போகிறது என்று எங்கோ கேள்விப்பட்டு மைசூர்ப் பருப்பிலும் சீனியிலும் கிலோக் கணக்காக வாங்கி அடுக்கினான். அலைந்து திரிந்து ஓர் எரிவாயுக் கொள்கலனும் பிடித்தான். கடந்த ஆண்டு ஒக்டோபருக்கு முன் 1,500 ரூபாவுக்குள் விற்ற அந்த 12.5 கிலோக் கொள்கலன் இப்போது ஐயாயிரத்தைத் தொட்டிருந்தது. தங்கையின் பிறந்தநாளுக்குக் கேக் ஒன்று, 3,200 ரூபா. மீன் விலையைக் கேட்டுவிட்டு மீன் வியாபாரியுடன் சண்டை பிடித்தான். மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கடலுக்குப் போகவில்லை என்று அந்த மனிதர் பொறுமையாக விளக்கி அனுப்பியிருக்கிறார். 19ஆம் திகதி கையில் 9,000 ரூபா இருந்தது. இன்னும் பன்னிரண்டு நாட்கள்.

அந்தப் பன்னிரண்டு நாட்களில்தான் பிள்ளை கற்றான். திருநெல்வேலிச் சந்தைக்குக் காலையில் போகாமல் வியாபாரிகள் கட்டிப் புறப்படும் நேரத்துக்குப் போனால் கத்தரிக்காய் பாதி விலை என்று கண்டுகொண்டான். கோதுமை மாவின் விலையைப் பார்த்துப் பாணை நிறுத்தினான். காலையில் மரவள்ளிக் கிழங்கு அவித்துச் சம்பலுடன் தந்தார்கள். எரிவாயுவைத் தேநீருக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட்டு, வளவில் கிடந்த பனை மட்டையையும் கொக்கறையையும் பொறுக்கி அம்மம்மாவின் பழைய அடுப்பை மூட்டினான். புகையில் கண் கலங்கினாலும் என் மனைவி உள்ளூர மகிழ்ந்தாள் என்றே நினைக்கிறேன். அவளுடைய கலைகளைக் கேட்டறிய முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு வீட்டில் ஒரு மாணவன் கிடைத்திருந்தான்.

20ஆம் திகதி இரவு அவன் கொப்பியுடன் என்னிடம் வந்தான். ஒரு வரியைப் பேனையால் வட்டமிட்டிருந்தான்: 'அம்மப்பாவின் பத்திரிகைகள்.' இரண்டு தினசரிகளும் ஞாயிறு வெளியீடுகளுமாக மாதம் நாலாயிரத்துச் சொச்சம். காகித விலை ஏறியதால் அந்த ஆண்டு பத்திரிகைகள் பக்கங்களைக் குறைத்து விலையைக் கூட்டியிருந்தன. ஒன்றை நிறுத்தலாமா என்று மிகவும் மரியாதையாகக் கேட்டான். நாற்பது ஆண்டுகள் பத்திரிகைச் சோறு உண்டவனிடம் கேட்கக்கூடிய கேள்வியா அது? பத்திரிகை அத்தியாவசியப் பொருள் என்றேன். "ரெண்டும் ஒரே செய்தியைத்தானே போடுது" என்றான். நான் இரவு முழுவதும் யோசித்துவிட்டு, எந்தப் பத்திரிகையை நிறுத்துவது என்று காலையில் சொன்னேன். எது என்று இங்கே எழுதமாட்டேன். இரண்டிலும் எனக்கு நண்பர்கள் இருக்கிறார்கள்.

மாத முடிவில் மிகுதி 340 ரூபா. சந்திக் கடையில் 1,150 ரூபா கடன். கடனை அவன் கணக்கின் முதல் வரியில் எழுதியிருந்தான்.

எஞ்சியிருந்தது நண்பனின் கடன். அதை நான் கட்டவில்லை. என் மகன் கனடாவிலிருந்து, "அப்பா, நான் போட்டுவிடுறன், பெடியனைப் போட்டு வதைக்காதேங்கோ" என்றான்; வேண்டாம் என்று மறுத்தேன். தோழனின் தகப்பனாரிடம் பேரனையே அனுப்பித் தவணை கேட்கச் செய்தேன். அவர் டிசெம்பர் வரை தந்தார். இணுவிற் பக்கமாக எங்களுக்குத் தெரிந்த தோட்டக்காரர் ஒருவரின் வயலில் வெங்காயம் பிடுங்கிப் பிடி கட்டும் வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. நாளுக்கு 1,500 ரூபா. நான்கு நாள் போகிறேன் என்றான். வீட்டில் எதிர்ப்பு வந்தது, நான் எதிர்பாராத இடத்திலிருந்து.

"என்ர பிள்ளை கூலி வேலைக்குப் போறதோ? நாளைக்குப் பள்ளிக்கூடத்தில என்னை என்னெண்டு கதைப்பினம்?" என்றாள் மகள்.

அவளைக் குறை சொல்ல எனக்கு அருகதை இல்லை. அவளை அப்படி வளர்த்தவன் நான். மண்வெட்டி பிடிப்பவனின் காசில் உண்டு, பேனை பிடிப்பவனை மட்டும் மதிக்கும் நோய் எங்கள் சமூகத்துக்குப் புதியதன்று. 1970களில் இறக்குமதித் தடையால் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நல்ல விலை கிடைத்து, தோட்டக்காரர்கள் கல்வீடு கட்டியபோது, சம்பளக்காரர்களாகிய எங்கள் தகப்பன்மார் அவர்களைப் பார்த்து முகம் சுளித்ததை நான் கண்டிருக்கிறேன். 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட்டு அந்த விலை விழுந்தபோது சிலர் மகிழ்ந்ததையும் கண்டிருக்கிறேன். அந்த வீட்டு வாதத்தில் நான் பேரன் பக்கம் நின்றேன். போனான். முதல் நாள் மாலை முதுகை நிமிர்த்த முடியாமல் வந்து, 1,500 ரூபாவை மேசையில் வைத்துவிட்டு, தான் ஓர் இரவில் விளையாட்டுக்குப் போட்ட ரீலோட் அதைவிடக் கூட என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஏசுவதில்லை என்ற நிபந்தனை ஜூலையுடன் முடிந்திருந்தபோதிலும்.

நான்கு நாளில் ஆறாயிரம். பிறகு அயலில் இரண்டு சிறுவர்களுக்குக் கணிதம் சொல்லிக் கொடுத்து மாதம் இரண்டாயிரம். நவம்பரில் பெறுபேறு வந்த வாரத்தில் 500 ரூபா குறைந்தது. அதை நான் கொடுத்தேன். என் பெயரில் கடனாக எழுதிக்கொண்டான்.

ஆனால் இது வெறுமனே ஒரு நல்ல பிள்ளையின் கதையன்று. அந்த ஆண்டில் அவன் என்னிடம் கேட்ட ஒரு கேள்விக்கு எனக்கு உடனே விடை தெரியவில்லை. அவன் பிறந்தநாட் காசும் தைப்பொங்கற் காசும் சிறுவயதிலிருந்தே ஒரு வங்கியின் சிறுவர் கணக்கில் சேர்ந்து 41,000 ரூபாவாக இருந்தது. பதினெட்டு வயது வரை அதனை எடுக்க இயலாது. ஒக்டோபர் 31ஆம் திகதி உலகச் சிக்கன தினத்துக்குப் பாடசாலைகளில் பேச்சுப் போட்டி வைத்து, உண்டியல் பரிசு கொடுத்து, வங்கிகள் பிள்ளைகளைச் சேர்த்த கணக்குகள்தாம் இவை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம், உணவுப் பொருள்களுக்கு 94.9 வீதம். பொன் விலையோ 2019இல் இருந்ததைப் போல இரண்டு மடங்கைத் தாண்டியிருந்தது. பேரன் கொப்பியைக் காட்டிச் சொன்னான்: "பாருங்கோ அம்மப்பா. சேர்த்து வைச்ச நான் தோத்தன். கடன் வாங்கின நீங்கள் வெண்டிட்டீங்கள். அந்த எண்பதாயிரத்துக்கு இப்ப அரைப் பவுண் அளவுதான் வரும். உங்களுக்குத் திருப்பி வாறது ரெண்டு பவுண்."

கணக்கில் பிழையில்லை. சிக்கனத்தைப் பற்றி மூன்று கட்டுரைகள் எழுதியவன் வாயடைத்து நின்றேன். சேமிப்பவன் கெட்டிக்காரன், கடன்காரன் மூடன் என்ற எங்கள் பாடம், நோட்டின் பெறுமதி நிலையாக நிற்கும் என்ற நம்பிக்கையின்மேல் கட்டப்பட்டது. அந்த நம்பிக்கையைப் பிள்ளைகள் உடைக்கவில்லை. நாட்டின் கணக்குக் கொப்பியையும் மக்களுக்குக் காட்டாமல் வைத்திருந்தவர்கள் உடைத்தார்கள்.

என்றாலும் அவனுடைய பாடமும் நெடுநாள் நிலைக்கவில்லை. வங்கிகளின் முதன்மைக் கடன் வட்டியே அந்த ஆண்டின் இறுதியில் 25 வீதத்தைத் தாண்டியது. கடன் வாங்கினால் வெல்லலாம் என்று அப்போது இறங்கியவர்கள் மாட்டிக்கொண்டார்கள். ஏனெனில் 2023 நடுப்பகுதியில் பணவீக்கம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிட்டது. உயர்ந்த வட்டிக்கு ஒப்பமிட்ட கடன் அப்படியே நின்றது. எங்கள் ஒழுங்கையிலேயே ஒருவரின் ஓட்டோவைத் தவணை தவறியதற்காகக் கொண்டுபோனார்கள். பேரன் படலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அன்றிரவு, அவர் மாதம் எவ்வளவு கட்டியிருப்பார் என்று தன் பாட்டில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்ததைக் கண்டேன்.

பிள்ளைப் பருவத்தில் இந்தப் பாரத்தை ஏற்றலாமா என்று சிலர் கேட்கக்கூடும். என் மனைவியும் கேட்டாள். கடனைத் தெரியப்படுத்துவது வேறு. அதைப் பிள்ளையின் தலையில் கட்டுவது வேறு. எங்கள் அடைவை மீட்பது அவன் வேலை என்று எவரும் சொல்லவில்லை. அப்படியொன்று இருக்கிறது என்று சொன்னோம், அவ்வளவே. மேலும், இந்த அறிவுரை முழுவதும் வசதியுள்ள வீடுகளுக்கு மட்டுமே உரியது. அந்த வெங்காயத் தோட்டத்தில் பேரனோடு பிடி கட்டிய அதே வயதுப் பையன் ஒருவன், பாடசாலையை விட்டுவிட்டு வந்தவன். அவனுக்குக் காசின் பெறுமதியை எவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. அவனைப் பற்றிப் பேரன் பலமுறை பேசினான்; எனக்குத்தான் சொல்ல எதுவும் இருக்கவில்லை.

சங்கிலியை 2023 ஆவணியில் மீட்டோம். மகள் ஒரு பங்கு, நான் ஒரு பங்கு. பேரனும் பேத்தியும் வங்கிக்கு வந்தார்கள். அடைவுப் பகுதியில் இருந்த உத்தியோகத்தர், குடும்பமாக வந்து நகை மீட்பவர்களைத் தாம் கண்டதில்லை என்று சிரித்தார். பெரும்பாலும் தனியாக, முகத்தைத் தாழ்த்திக்கொண்டுதான் வருவார்களாம்.

கொழும்பு நண்பருக்கு இவற்றில் பாதியைத் தொலைபேசியிலேயே சொன்னேன். மோட்டார் சைக்கிளின் விலை, லீசிங் எடுத்தால் மாதத் தவணை, அவருடைய சம்பளம், அவருடைய கடன்கள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி மகனுக்கு முன்னால் வைக்கும்படி சொன்னேன். மறுமுனையில் சற்று நேரம் சத்தம் இல்லை. "சம்பளத்தை வேணுமெண்டால் சொல்லலாம். கடனைச் சொல்லத்தான் வேணுமோ ஐசே?" என்றார்.

இரண்டாவது பத்திரிகை இன்றுவரை எங்கள் வீட்டுக்கு வரவில்லை. செலவு இப்போது தாங்கும். இருந்தும் கொப்பியில் அந்த வரியை மீண்டும் எழுத எவரும் முன்வரவில்லை, நானும் கேட்கவில்லை. காலையில் தேநீர் குடித்துவிட்டுச் சனசமூக நிலையத்துக்கு நடந்துபோய் அதை வாசித்து வருகிறேன். அங்கே எனக்கு முன்னால் வந்து அதைப் பிடித்து வைத்திருக்கும் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் இருக்கிறார். மரண அறிவித்தல் பக்கத்தை முடிக்காமல் தரமாட்டார்.